சொன்னதைத் தட்டும் சிவப்பு விசைகள்

விசைப்பலகையில் 'ஏ' விசையைத் தட்டினால் திரையில் 'ஏ' தோன்றும். மேல் வரிசையில் உள்ள 'எஃப்' விசைகளைத் தட்டினால் என்ன தோன்றும்? பேசிக் மொழியில் இதற்கு விடை: நீங்கள் எதைச் சொல்லி வைக்கிறீர்களோ அது!

1984-இல் நம் நாட்டுப் பள்ளிகளில் கம்ப்யூட்டரைப் பழக்குவதற்காக 'கிளாஸ்' என்னும் திட்டம் தொடங்கியது. அதில் பயன்பட்ட கருவி இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பி.பி.சி. மைக்ரோ. அதன் விசைப்பலகையின் உச்சியில் எஃப்0 முதல் எஃப்9 வரை பத்துச் சிவப்பு விசைகள் இருந்தன.

பாகூர் ஏரியின் நீர்மட்டத்தை நாள்தோறும் குறித்து, சராசரி காண ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். திருத்தும்போதெல்லாம் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். 'ரன்' என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகள். பிறகு 'ரிட்டர்ன்' விசை. 50 முறை ஓட்டினால் 200 தட்டல்கள்! அதற்குப் பதில், ஒரே ஒரு முறை ஆங்கில எழுத்துகளில் இப்படிக் கட்டளை இடலாம்:

*கீ 0 ரன்|எம்

இனி எஃப்0 ஒன்றைத் தட்டினால் போதும். கடைசியில் உள்ள '|எம்' எதற்கு? ஆஸ்கி முறையில் 'எம்' எழுத்தின் எண் 77. முன்னால் நிற்கும் கோடு அதிலிருந்து 64-ஐக் கழிக்கிறது. மிச்சம் 13. அதுதான் 'ரிட்டர்ன்' விசையின் எண்!

இது எப்படி நடக்கிறது? நினைவகத்தில் 256 பைட் கொண்ட ஒரு பகுதி இவ்விசைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. விசையைத் தட்டியதும் அங்குள்ள எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பேசிக்கிடம் போகும். தட்டியது விரலா, நினைவகமா என்று பேசிக்குக்குத் தெரியாது.

எஃப்9-க்கு அடுத்து இருந்தது 'பிரேக்' விசை. கை தவறி அதில் பட்டால் நிரல் மறைந்துவிடும். உண்மையில் அது அழிவதில்லை. நிரல் ஏதும் இல்லை என்று பேசிக் எண்ணிக்கொள்கிறது. புதிய வரி எதையும் சேர்ப்பதற்கு முன் 'ஓல்டு' என்று கட்டளையிட்டால் நிரல் திரும்பி வரும். 'பிரேக்' விசைக்கும் 10 என்ற எண் உண்டு. ஆகவே வேலை தொடங்கும்போதே இதைத் தட்டிவைத்தால் நிரல் தானாகவே மீளும்:

*கீ 10 ஓல்டு|எம்

ஆனால் மின்சாரம் நின்றால் நிரலும் போகும், விசைக்குச் சொல்லி வைத்ததும் போகும். நிரலை நாடாவிலோ தட்டிலோ பதிந்து வைப்பதுதான் பாதுகாப்பு.

பி.பி.சி. மைக்ரோவைப் போலவே இயங்கும் இலவச மென்பொருள்கள் இன்று கிடைக்கின்றன. வில்லியனூரிலோ பாகூரிலோ, உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரில் அதை நிறுவிச் செய்து பாருங்கள். ஒரு கணக்கும் தருகிறேன்: ஆங்கில 'ஜி' எழுத்தின் எண் 71. அப்படியானால் '|ஜி' எந்த எண்ணைத் தரும்? அதை ஒரு சிவப்பு விசையில் வைத்துத் தட்டி, காது கொடுத்துக் கேளுங்கள்!