நாலு பேர் இருந்தால்தான் இந்தப் பாட்டு!

ஒரு ஆல்பம், நான்கு சிடி. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்ற கதையே கிடையாது. நான்கு பிளேயர், நான்கு ஜோடி ஸ்பீக்கர், நான்கையும் ஒரே நொடியில் தட்டிவிட நான்கு பேர். ஒக்லஹோமா சிட்டியின் ஃபிளேமிங் லிப்ஸ் இசைக்குழு 1997 அக்டோபரில் வெளியிட்ட ‘ஸைரீக்கா’வின் நிபந்தனை இது. சைக்கடெலிக் ராக்கில் கிறுக்குத்தனத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இந்தக் கிறுக்கு, முதலில் உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று விசாரிக்கிறது!

எட்டே பாடல்கள்தான். ஆனால் ஒவ்வொரு பாடலும் நான்கு சிடிக்களிலும் பங்கு போடப்பட்டிருக்கிறது. ஒரு மூலையில் டிரம்ஸ் அதிரும், எதிர்மூலையிலிருந்து குரல் வரும், முதுகுக்குப் பின்னால் வேறு ஏதோ உறுமும். பாடல் தொடங்கும் முன் எத்தனையாவது பாடல் என்று ஒரு குரல் அறிவிக்கும். பிளேயர்களைச் சேர்த்துப் பிடிக்க அதுதான் துணை. அப்படியும் எந்த இரண்டு பிளேயரும் அச்சாக ஒரே வேகத்தில் ஓடாது. பாட்டு மெல்ல மெல்லப் பிசகும். அந்தப் பிசகையும் இசையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான் கெட்டிக்காரத்தனம். நேற்றுக் கேட்டது இன்று திரும்பி வராது.

இந்த யோசனை பிறந்தது கார் நிறுத்துமிடத்தில். கார்க்காரர்களை வரவழைத்து, ஆளுக்கொரு கேசட் கொடுத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் போடவைத்தார்கள். ஊரே ஸ்பீக்கர் ஆனது. வீட்டுக்குள் வந்தபோது அது நான்காகச் சுருங்கியது.

விளையாட்டுக்கும் குறைவில்லை. நாய்க் கதையாகத் தொடங்கும் ஒரு பாடல், கடைசியில் அறை முழுக்கக் குரைப்பாகிவிடும். இன்னொன்றில் கீச்சென்ற ஒலியும் அடிவயிற்றைக் கலக்கும் ஒலியும் கலந்திருப்பதால், வண்டி ஓட்டும்போது கேட்காதீர்கள் என்று எச்சரிக்கையே போட்டிருந்தார்கள்.

2025-ஆம் ஆண்டில் வேலைக்குப் போவதைப் பற்றியும் இதில் ஒரு பாடல் உண்டு. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது. ரயிலில், பேருந்தில் பாருங்கள்: ஆளுக்கொரு இயர்போன், ஆளுக்கொரு பாட்டு. ஒரே வீட்டில் அப்பா கேட்பது மகளுக்குத் தெரியாது. பிடிக்காத பாட்டைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்தவர் ரசனையோடு சண்டை போடவும் வழியில்லை. நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேண்டும் என்போம். அந்தப் பட்டியலிலிருந்து பாட்டுக் கேட்பதை எப்போது அடித்தோம்?

வெறும் வித்தை என்று இதற்குப் பூஜ்ய மதிப்பெண் போட்ட விமர்சகரும் உண்டு. நான்கையும் ஒன்றாகக் கலந்து தனியாகக் கேட்டுவிடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. பாட்டு கிடைத்துவிடும், கூட்டம் கிடைக்காது.

சிடி பிளேயர் இல்லையே என்ற சாக்கு இன்று செல்லாது. நான்கு போன், நான்கு ஸ்பீக்கர் இருந்தாலே ஒப்பேற்றிவிடலாம். பல வீடுகளில் அதற்கு மேலேயே கிடக்கிறது. தட்டுப்பாடெல்லாம், முக்கால் மணி நேரம் ஒரே அறையில் சேர்ந்து உட்காரச் சம்மதிக்கும் நாலு பேருக்குத்தான்.