ஒட்சிசன் உணரியின் நான்கு கம்பிகள்

ஒரு கிராம் பெற்றோல் எஞ்சினுள் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த அளவு பிசகாமல் இருக்கின்றதா என்று புகைக் குழாயில் இருந்தவாறே காவல் காப்பது ஒட்சிசன் உணரி என்னும் சிறு கருவியாகும். ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய இக்கருவி, 1976ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு வொல்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது.

உணரியின் முனையில் உள்ள சிர்க்கோனியா, பீங்கான் இனத்தைச் சேர்ந்த பொருள். அதன் ஒரு புறத்தில் வெளிக்காற்றும் மறு புறத்தில் எஞ்சின் புகையும் படும். இரண்டிலுமுள்ள ஒட்சிசனின் வேற்றுமை சிறிய மின்னழுத்தமாக வெளிப்படுகின்றது. பெற்றோல் மிகுந்தால் அது 0.9 வோல்ற்றை அண்மிக்கும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ற்று அளவுக்கு இறங்கும். அதனை அறிந்து கட்டுப்பாட்டுப் பெட்டி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றது. ஆனால் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூடேறும் வரை சிர்க்கோனியா வாய் திறவாது. ஆகவேதான் 1982 முதல் உணரியினுள்ளே சிறு மின்னடுப்பு ஒன்றும் வைக்கப்படலாயிற்று. அதன் பயனாக ஒற்றைக் கம்பி நான்காகப் பெருகியது: அடுப்புக்கு இரண்டு, சமிக்ஞைக்கு ஒன்று, சமிக்ஞையின் மறுமுனைக்கு ஒன்று.

பழைய காருக்கு உரிய செருகியோடு கூடிய உணரி எளிதிற் கிடைப்பதில்லை. செருகியற்ற பொது உணரியை வாங்கி, பழைய உணரியின் செருகியை வெட்டி அதனுடன் இணைப்பது வழக்கம். இடர் பிறப்பது இவ்விடத்திலேதான். பொஷ் உணரியில் வெள்ளைக் கம்பிகள் இரண்டும் அடுப்புக்குரியவை, கறுப்பு சமிக்ஞை, சாம்பல் அதன் மறுமுனை. ஜப்பானிய டென்சோ உணரியிலோ கறுப்பு இரண்டும் அடுப்பு, நீலம் சமிக்ஞை, வெள்ளை மறுமுனை. வெள்ளையோடு வெள்ளை, கறுப்போடு கறுப்பு எனச் சேர்ப்பது கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றும். ஆயின் பற்றரியின் 12 வோல்ற்று சமிக்ஞைக் கம்பியிற் புகுந்து புதிய உணரியைக் கெடுத்துவிடும். உணரியிலும் விலைகூடிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கேடு நேரலாம். ஆதலால் நிறத்தைப் பாராது தொழிலைப் பார்த்தே இணைத்தல் வேண்டும்.

ஒரே நிறமுடைய இரு கம்பிகளே பெரும்பாலும் அடுப்புக்குரியவை. அவற்றுக்கிடையே மானி சில ஓம் தடையைக் காட்டினால் ஐயம் நீங்கும். அவ்விரண்டையும் எவ்வாறு மாற்றிச் சேர்த்தாலும் குற்றமில்லை. சமிக்ஞைக் கம்பியின் தடையை மட்டும் அளக்க முயலுதல் ஆகாது. மானி செலுத்தும் மின்னே உணரிக்குப் பகையாகலாம். காரின் பக்கத்தில், சாவியைத் திருப்பியதும் 12 வோல்ற்று வரும் கம்பி அடுப்புக்குரியது.

கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டுவது நம்மவர்க்குப் பழகிய முறை. இங்கே அது பொருந்தாது. பல உணரிகள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றைக் கம்பி இழைகளின் இடைவெளி வழியாகவே பெறுகின்றன. உருகிய ஈயம் அவ்வழியை அடைத்துவிடும். அழுத்திப் பொருத்தும் இணைப்பான்களே தக்கவை. அவற்றுக்குக் கிறீஸ் பூசுவதும் தவறு. இணைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி அமைத்து, சூடான புகைக் குழாயைத் தொடாதவாறு கட்டிவிடல் வேண்டும்.

எஞ்சின் நன்கு சூடேறியபின் சமிக்ஞையை இலக்க மானியால் பார்க்கலாம். 0.1க்கும் 0.9க்கும் இடையே அது ஓயாது ஏறியிறங்கினால் இணைப்புச் சரி. ஓரிடத்திலேயே நின்றுவிட்டால், உணரியைக் குறைகூறுமுன் அடுப்பின் பியூசைப் பார்ப்பது நன்று.