காகத்தையும் எழுதுங்கள்

"காக்காவே இல்லையா சார் அங்க?"

என் முதல் பறவைப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்வி இது. இடம், சென்னை பெரும்பாக்கம் ஈரநிலத்தின் கரை. பொங்கல் விடுமுறைக் காலை. ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்று, ஊசிவால் வாத்து, சங்குவளை நாரை, நீளவால் இலைக்கோழி என்று எழுதிப் பெருமையோடு நீட்டியிருந்தேன். தலைக்கு மேலே மின்கம்பியில் காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதையெல்லாமா எழுதுவார்கள்? "மைனா, புறா, தவிட்டுக்குருவி எல்லாமே எழுதணும் சார். எத்தனைன்னும் எண்ணணும்" என்றாள். என் பட்டியல் அங்கேயே தள்ளுபடி.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழகத்தில் நடக்கிறது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. கட்டணம் கிடையாது, பட்டம் வேண்டாம். மொட்டை மாடியிலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி, 'இ-பேர்ட்' செயலியில் பதிய வேண்டும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு கடினம் என்பது நூறு நெடுங்கால் உள்ளான்கள் ஒரே நேரத்தில் எழும்பிப் பறக்கும்போதுதான் தெரியும். பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணால் அளந்துகொண்டு, கூட்டம் முழுவதும் அப்படி எத்தனை பத்து என்று எண்ணுவது பழகியவர்களின் வழி. எனக்கு அது பிடிபட இரண்டு பொங்கல் ஆயிற்று.

சரி, காகத்தை எதற்கு எழுத வேண்டும்? பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிய பட்டியலில்தான், எழுதாத பறவைக்கும் பொருள் இருக்கிறது. அது அங்கே தென்படவில்லை என்று நம்பிக் கணக்கில் எடுக்கலாம். அரிய பறவையை மட்டும் குறித்தால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும். பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நூறு பட்டியலில் எத்தனையில் அது இருந்தது, இன்று எத்தனையில் இருக்கிறது என்று ஒப்பிட்டால் பறவையின் போக்கு தெரிந்துவிடும். நாடு முழுக்க ஓடி ஒவ்வொரு பனங்காடையையும் எண்ண எந்த விஞ்ஞானியாலும் முடியாது.

2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை இப்படித்தான் உருவானது. 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த சுமார் 3 கோடிக் குறிப்புகள். அலசப்பட்டவை 942 இனங்கள். நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன. நம் ஊர்க் கம்பிகளில் சாதாரணமாக உட்கார்ந்திருந்த பனங்காடையும் குறைந்து வருகிறது. அதன் நிலையை உலக அளவில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. குயிலும் மயிலும் பெருகியிருக்கின்றன. மயில் விஷயத்தில் எந்த அறிக்கையும் வருவதற்கு முன்பே கொங்கு விவசாயிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை. செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் கண்ணீர் வடிப்பவர்களுக்கும் ஒரு செய்தி: பெருநகரங்களில் குருவி குறைந்தது உண்மை, ஆனால் நாடு தழுவிய கணக்கில் அது ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது என்று இதற்கு முந்தைய 2020 அறிக்கை காட்டியது.

பறவை பின்னால் அலைய முடியாதவர்களுக்கு மரம் இருக்கிறது. 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதே மரத்தடிக்குப் போய், தளிர் உண்டா, மொட்டு உண்டா, பூ, காய், பழம் உண்டா, கொஞ்சமா நிறையவா என்று குறித்து அனுப்ப வேண்டும். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதில் முன்னணியில் நிற்கிறார்கள். கொன்றை எப்போது பூக்கிறது என்பதை இனி பாட்டி சொன்னதை மட்டும் வைத்துப் பேச வேண்டியதில்லை. ஒரு பூகூட இல்லாத வாரத்தில் 'இல்லை' என்று குறிக்கத்தான் பொறுமை வேண்டும். பாதிப் பேர் கைவிடுவது அங்கேதான் என்று நினைக்கிறேன். நானும் ஒரு வேப்ப மரத்தை அப்படிக் கைவிட்டவன்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆர்வக் கோளாறில் வராத பறவையை வந்ததாக எழுதுபவர்கள் உண்டு. வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால், தன்னார்வலர்களான சரிபார்ப்பாளர்கள் படமோ விவரமோ கேட்டு எழுதுகிறார்கள். அதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டை நெருங்கிப் படமெடுப்பவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். பெரிய குறை வேறு: பதிவுகள் பெருநகரங்களைச் சுற்றியே குவிகின்றன. பெரும்பாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நூற்றுக்கணக்கில் பட்டியல் இருக்க, எங்கோ ஒரு கிராமத்துக் கண்மாய்க்கு ஒன்றுகூட இல்லை. நாளை அதைத் தூர்த்து மனை போட வந்தால், அங்கே என்ன இருந்தது என்று காட்ட ஒரு தாளும் இருக்காது.

உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நாளைக் காலை ஒரு நோட்டும் பேனாவுமாகப் போங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 15 நிமிடம் நில்லுங்கள். முதல் வரியில் காகத்தை எழுதுங்கள், எண்ணிக்கையோடு.