பழைய இதழ்களும் அட்டை ஓவியங்களும்

தமிழ் வார இதழ்களின் அட்டைகளை நிழற்படங்கள் பிடித்துக்கொள்வதற்கு முன்னர், அவ்விடம் ஓவியர்களுக்கே உரியதாயிருந்தது. 1926ஆம் ஆண்டு தோன்றிய ஆனந்த விகடனில் மாலி, கோபுலு, சில்பி ஆகியோர் வரைந்தனர். 1941ஆம் ஆண்டு தோன்றிய கல்கியில் மணியம் வரைந்தார். அவ்விதழ்களைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் உளர்.

ஆயினும் அட்டையோடு கூடிய பழைய இதழ் கிடைப்பது அரிது. அதற்கு வாசகரின் அன்பும் ஒரு காரணம் என்றால் வியப்பாயிருக்கும். கல்கியில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' போன்ற தொடர்கதைகளின் பக்கங்களை மட்டும் பலர் வாரந்தோறும் பிரித்தெடுத்து, பின்னர் பைண்டு செய்து வைத்தனர். கதை பிழைத்தது, அட்டையோ பழைய பேப்பர்க்காரரிடம் போயிற்று.

அட்டை இழந்த இதழின் காலத்தை எழுத்தைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளில் ஐகாரக் குறி யானையின் துதிக்கைபோல் வளைந்து நின்றது. இன்றைய மாணவர் முதலில் தயங்குவர். இரண்டு பக்கம் படித்தால் பழகிவிடும்.

1947இல் சென்னையில் தோன்றிய அம்புலிமாமா, பிற மொழிகள் சிலவற்றில் சந்தமாமா என்னும் பெயரில் வெளிவந்தது. மொழி மாறினும் படங்கள் மாறவில்லை. ஆகவே தில்லித் தரியாகஞ்சுப் புத்தகச் சந்தையில் பழைய இந்திச் சந்தமாமா ஒன்று கிடைத்தால், அதில் ஓவியர் சங்கர் வரைந்த அதே விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் காணலாம்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் தம் வாழ்நாளில் நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ ஓர் இலட்சம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. எனினும் அது கடல் கடந்து செல்லவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாயிற்று.

எல்லாத் தொகுப்புக்கும் அத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை. மலிவான தாள் வெளிச்சத்தில் பழுப்பேறி நொறுங்கும். இராமபாணப் பூச்சி அரிக்கும். இதழைத் தைத்த கம்பி துருவேறும். கிழிசலைப் பசைநாடாவால் ஒட்டுவதோ இவற்றினும் தீது. பசை ஊறி, படத்தின் நடுவே மஞ்சட்கறையாகிவிடும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பரணில் இதழ்க்கட்டு இருந்தால், அதை எடைக்குப் போடுமுன் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பிரித்துப் பார்க்கலாம். இதழின் நாளையும் ஓவியரின் கையொப்பத்தையும் தனித்தாளில் குறித்து உள்ளே வைக்க வேண்டும், அட்டைமேல் எழுதலாகாது.