எள்ளளவு உலோகமும் அதன் எதிரொலியும்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் விசித்திரமான சிக்கல் ஒன்று உண்டு. மருந்து மிக நன்றாக வேலை செய்துவிட்டால், அறுவை மருத்துவருக்குத் தலைவலி தொடங்கிவிடும்.

கட்டி பெரிதாக இருந்தாலோ, சில குறிப்பிட்ட வகைப் புற்றாக இருந்தாலோ, முதலில் சில மாதங்கள் கீமோதெரபி கொடுத்துவிட்டு அதன் பிறகே அறுவை செய்கிறார்கள். சிலருக்குக் கட்டி சுருங்குவதோடு நிற்பதில்லை. தொட்டாலும் தட்டுப்படாமல், மேமோகிராமிலும் ஸ்கேனிலும் அகப்படாமல் மறைந்தே போகிறது. நோயாளிக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் ஸ்கேனில் தெரியாததாலேயே ஒரு புற்றுச்செல்கூட மிச்சமில்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டி இருந்த இடத்தை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகும். கட்டியே இல்லாதபோது எந்த இடத்தை வெட்டுவது?

இதற்கான விடையை மருத்துவர்கள் முன்கூட்டியே உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியின்போதோ, கீமோ தொடங்குவதற்கு முன்போ, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோகக் கிளிப்பை மெல்லிய ஊசி வழியாகக் கட்டிக்குள் விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் டைட்டானியம், சிலவற்றில் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால். கட்டி கரைந்தாலும் கிளிப் கரையாது. 1990-களின் நடுவில், வெற்றிட உறிஞ்சலோடு கூடிய பயாப்ஸி ஊசிகள் வந்த காலத்தில் இந்த வழக்கம் பிறந்தது. அந்த ஊசிகள் மேமோகிராமில் தெரிந்த சிறு சுண்ணாம்புப் புள்ளிகளை முழுவதுமாகவே உறிஞ்சி எடுத்துவிடும். சோதனையில் புற்று என்று வந்தால், திரும்பிப் போய் அறுக்க அடையாளமே இருக்காது. அதனால் அடையாளம் வைக்கத் தொடங்கினார்கள்.

எக்ஸ் கதிர்ப் படத்தில் இந்தக் கிளிப்பைக் கண்டுபிடிப்பது எளிது. உலோகம் கதிர்களைத் தடுப்பதால் வெள்ளையாக விழும். ஆனால் அறுவைக்கு முன் அந்த இடத்துக்கு ஊசியைக் கொண்டுசெல்லும்போது மருத்துவருக்கு உகந்த கருவி அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது, ஊசி நகர்வதை அந்தக் கணமே பார்க்கலாம், மார்பகத்தை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அக்குளின் உட்பகுதி மேமோகிராம் தட்டுகளுக்குள் சரியாக அடங்காது; அல்ட்ராசவுண்டின் புரோபை அங்கே எளிதாக வைத்துப் பார்க்கலாம். ஆகவே கிளிப் ஒலிக்கும் புலப்பட வேண்டும். சிக்கலும் அங்கேதான்.

அல்ட்ராசவுண்ட் கருவி காதுக்குக் கேட்காத ஒலித்துடிப்பை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளைப் படமாக்குகிறது. மனிதக் காதின் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகள். மார்பக ஸ்கேனில் ஒரு கோடியை ஒட்டிய அதிர்வுகள் பயன்படுகின்றன. மென்சதையில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடுகிறது என்பதால், அந்த அதிர்வில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர்தான். மில்லிமீட்டர் அளவுப் பொருள்களைப் பிரித்துக் காட்ட இது போதும்.

எதிரொலி எங்கே பிறக்கிறது? ஒரு பொருளின் அடர்த்தியையும் அதில் ஒலி செல்லும் வேகத்தையும் பெருக்கினால், ஒலியை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பது கிடைக்கும். இந்த எண் மாறும் எல்லையில்தான் ஒலி திரும்புகிறது. கொழுப்புக்கும் தசைக்கும் வேறுபாடு சிறிது. அங்கே நூற்றில் ஒரு பங்கு ஒலிதான் திரும்பும். சதைக்கும் டைட்டானியத்துக்கும் வேறுபாடு மிகப் பெரிது; நேராக மோதினால் முக்கால் பங்குக்கு மேல் திரும்பும். கணக்குப்படி கிளிப் பளீரென்று தெரிய வேண்டும். பளீரென்றுதான் தெரிகிறது, ஒலி அதன்மேல் நேராகப் பட்டால்.

வழவழப்பான உலோகம் சற்றுச் சாய்ந்திருந்தால் ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும். புரோபுக்கு ஒன்றும் வந்து சேராது. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. மார்பகத்துக்குள் பளிச்சென்று தெரியும் பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. திசுக்களைத் தாங்கும் நார்த் தடுப்புகள், சுண்ணாம்புத் துகள்கள், பயாப்ஸியில் புகுந்த காற்று, தழும்பு எல்லாமே திரையில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும்தான். கட்டி இருக்கும்வரை கவலையில்லை. கருமையான கட்டியின் நடுவே வெள்ளைப் புள்ளி தனித்துத் தெரியும். கட்டி மறைந்ததும் அந்தப் பின்னணியும் மறைகிறது; எந்த வெள்ளைப் புள்ளி கிளிப், எது நார் என்று பிரிக்க அனுபவசாலி ரேடியாலஜிஸ்டும் திணறுவார். அடையாளம் பிரகாசமாக இருந்தால் மட்டும் போதாது, சுற்றியிருப்பவற்றிலிருந்து வேறாக இருக்க வேண்டும். அண்மைக்கால முன்னேற்றங்கள் எல்லாம் இந்த உண்மையிலிருந்து பிறந்தவை.

முதல் வழி, வெள்ளைக்குப் பதில் கருமை. கிளிப்பைச் சுற்றி, பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பொருளால் ஆன ஹைட்ரோஜெல்லைக் காய்ந்த நிலையில் பொதிந்து ஊசிக்குள் வைக்கிறார்கள். உடலின் நீரை உறிஞ்சி அது உப்பிவிடும். அதன் உட்புறம் முழுவதும் ஒரே சீரான நீர்த்தன்மை. ஒலி திரும்ப எல்லையே இல்லை. எனவே திரையில் அது கருப்பு நீள்வட்டமாக, நடுவில் வெள்ளைக் கீற்றோடு தெரிகிறது. முன்பு இதே வேலைக்குப் பயன்பட்ட கொலாஜன் போன்றவை பெரும்பாலும் கீமோ முடிவதற்குள் கரைந்துவிடும். ஹைட்ரோஜெல் ஏறக்குறைய ஓராண்டு தாங்குவதால் கீமோவின் மாதங்களைக் கடந்து நிற்கிறது.

இரண்டாவது வழி இன்னும் சுவையானது. ஒரு கோளாறையே அது கருவியாக்கியது. டாப்ளர் ஸ்கேன் ரத்த ஓட்டத்தைச் சிவப்பு, நீல நிறங்களில் காட்டும். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்துப் பல துடிப்புகளை அனுப்பி, எதிரொலிகள் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் அங்கே ஏதோ நகர்கிறது என்று கருவி முடிவு கட்டுகிறது. ஆனால் அசையாத சிறுநீரகக் கல்லின் மேலும் சில சமயம் பல நிறங்கள் மின்னி மின்னி மறையும். 1996-இல் ரஹ்மூனி என்பவரும் அவருடைய குழுவினரும் இதை விவரித்தார்கள். நெடுங்காலம் இது படத்தைக் கெடுக்கும் தொல்லையாகவே பார்க்கப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கற்களைச் சுற்றியிருந்த அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தபோது மின்னல் அடங்கியது. கல்லின் நுண்விரிசல்களில் சிக்கியுள்ள வாயுக் குமிழிகளே காரணம் என்ற விளக்கத்துக்கு இது வலுவூட்டியது. ஒவ்வொரு துடிப்பிலும் குமிழி சுருங்கி விரிகிறது. எதிரொலி ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது. கருவி அதை வேகமான அசைவென்று ஏமாந்து நிறம் பூசுகிறது.

ஏமாற்றும் அந்தக் குணத்தை வேண்டுமென்றே உண்டாக்கினால்? அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அதைத்தான் முயன்றார்கள். மூட்டு மாற்று அறுவைகளில் எலும்புச் சிமெண்டாகப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக்கில் நுண்துளைகள் அமைந்த அடையாளத் துண்டுகளை உருவாக்கினார்கள். சாதாரண ஸ்கேனில் தேடிக் களைக்க வேண்டாம். டாப்ளரைப் போட்டால் துண்டு தானே வண்ணத்தில் மின்னி இடத்தைச் சொல்லும். சுற்றியிருக்கும் நாரோ தழும்போ அப்படி மின்னுவதில்லை.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்டால், விடை அக்குளில் இருக்கிறது. மார்பகப் புற்று முதலில் பரவும் இடம் பெரும்பாலும் அக்குளின் நிணநீர்க்கணுக்கள். முன்பெல்லாம் அங்கே பரவிவிட்டால் கணுக்களை ஒட்டுமொத்தமாக அகற்றுவார்கள்; அதனால் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் கை வீங்கும் தொல்லை வரும். இப்போது கீமோவுக்கு முன்பே, புற்று இருப்பதாக உறுதியான கணுவில் கிளிப் வைக்கிறார்கள். கீமோ நன்றாகக் கேட்டிருந்தால், அந்தக் கணுவையும், புற்று முதலில் சென்று சேரக்கூடிய காவல் கணுக்களையும் மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2016-இல் வெளியிட்ட ஆய்வில், காவல் கணுக்களை மட்டும் சோதித்தபோது, மிச்சமிருந்த நோயைத் தவறவிட்ட விகிதம் 10.1 விழுக்காடு. கிளிப் வைத்த கணுவையும் சேர்த்தபோது அது 1.4 விழுக்காடாகக் குறைந்தது. கிளிப் வைத்த கணு, நூற்றில் 23 பேரிடம் காவல் கணுக்களுக்குள் இல்லவே இல்லை. கிளிப் இல்லாவிட்டால் அந்தக் கணு உள்ளேயே தங்கியிருக்கும்.

ரேடியோ அலையை எதிரொளிப்பவை, காந்தத்தால் கண்டறியப்படுபவை, மெல்லிய கதிரியக்கம் உள்ளவை என்று வேறு வகை அடையாளங்களும் இருக்கின்றன. அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும், விலையும் கூடுதல். அல்ட்ராசவுண்டோ சிறு ஊர் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. விலை தாங்காத இடங்களில், ரத்தக்குழாயைக் கவ்வப் பயன்படும் சாதாரண அறுவைக் கிளிப்பையே ஊசிக்குள் ஏற்றி வைக்கிறார்கள். கராச்சியின் ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவமனை அந்த அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறது.

உடலுக்குள் உலோகமா என்று அஞ்சத் தேவையில்லை. இந்தக் கிளிப்புகள் வலிப்பதில்லை. எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும் பொதுவாகத் தடையில்லை. நிக்கல் ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். வீட்டில் யாருக்காவது அறுவைக்கு முன் கீமோ என்று முடிவானால், முதல் ஊசி ஏறுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: "கட்டியிலும் கணுவிலும் கிளிப் வைத்தாயிற்றா?" கட்டி கரைந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை.