ஊரே நடிக்கும் போர்க்கதை

1631 அக்டோபரில், முப்பதாண்டுப் போரின் நடுவே, கத்தோலிக்கப் படைத்தலைவர் திலி ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் நகரமான ரோத்தன்பர்கைக் கைப்பற்றினார். நகரசபையினருக்கு மரண தண்டனை என்றார். பெரிய கோப்பை ஒயினை யாராவது ஒரே மூச்சில் குடித்தால் விட்டுவிடுவதாகவும் சொன்னார்; முன்னாள் மேயர் கியோர்க் நூஷ் அந்த மூன்றேகால் லிட்டரையும் குடித்து ஊரைக் காப்பாற்றினார் என்பது கதை.

நகரம் வீழ்ந்தது வரலாறு. கோப்பைக் கதை பிற்காலத்தார் சேர்த்தது. ஆனாலும் அந்த அச்சத்தையும் நிம்மதியையும் மறக்கவிடாமல் காத்துவருவது இந்தக் கற்பனைதான். அதனாலேயே அது போற்றத்தக்கது.

இந்தக் கதையை வைத்துக் கண்ணாடிக் கைவினைஞர் ஆடம் ஹோர்பர் எழுதிய நாடகம் 1881இல் அரங்கேறியது. இன்றும் பெந்தெகொஸ்தே விடுமுறையில், நகரமன்ற மண்டபத்தில் ஊர்மக்களே மேயராகவும் படைவீரராகவும் வேடமிடுகிறார்கள். வெளியே தெருவெங்கும் முரசு, ஈட்டி, போர்ப்பாசறை.

மற்ற நாட்களில் சந்தைச் சதுக்கக் கடிகாரத்தைப் பார்க்கலாம்: 1910 முதல் அதன் ஜன்னல்கள் திறந்து, திலியும் நூஷும் பொம்மைகளாகத் தோன்றுகிறார்கள்.