‘பாஷை பேசும்’ சபைகள் அமெரிக்க இறக்குமதியா? 1860-ல் ஒரு தமிழ் கிராமத்தில் நடந்தது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் போனால், சீட் கூரை போட்ட ஜெபவீடுகளிலிருந்து கைத்தட்டலும் பாட்டும் கேட்கும். கோபுரம் இருக்காது, மணி இருக்காது. ‘இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தது’ என்பார்கள் சிலர். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் வரலாற்றையும் பலர் 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதற்கு 46 வருஷம் முன்பே, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் உள்ள கிறிஸ்தியான்பேட்டையில் இதே காட்சி நடந்துவிட்டது.

அந்த ஊரை உருவாக்கியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810-ல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ஜெர்மன் மிஷனரி ரேனியஸிடம் படித்தார்; பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்தார். ஊழியம் செய்ய குருப்பட்டமும் வேண்டாம், மிஷன் சம்பளமும் வேண்டாம் என்பது குரோவ்ஸின் கொள்கை. அருளப்பன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

1860-ல் அவருடைய சபையார் ஜெபத்தில் நடுங்கி விழுந்தார்கள். பாவங்களை எல்லார் முன்னாலும் சொல்லி அழுதார்கள். சிலர் தெரியாத பாஷையில் பேச, வேறு சிலர் அதற்குப் பொருள் சொன்னார்கள். பெண்களும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பாஷையைவிட இதுதான் பெரிய விஷயம். சபையில் யார் வாய் திறக்கலாம் என்பதை மிஷனும் குருமாரும் முடிவு செய்த காலம் அது.

எழுப்புதல் திருநெல்வேலி கிராமங்களுக்கும் பரவியது. மிஷனரிகள் இரண்டுபட்டார்கள். கூச்சலும் நடுக்கமும் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பைசா வாங்காமல் சாதாரண ஜனங்கள் ஊர் ஊராகப் பிரசங்கிக்கப் போனது அவர்களில் சிலரையே அசர வைத்தது.

அப்புறம் ஏன் மறந்துபோனது? அருளப்பன் 1867-ல் இறந்தார். 1873-ல் திருவிதாங்கூரில் இதுபோன்ற இன்னொரு எழுப்புதல் கிளம்பியது. அதன் தலைவர்களில் ஒருவரான யூஸ்துஸ் ஜோசப், 1881-ல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று தேதி குறித்துவிட்டார். வரவில்லை. பெயர் கெட்டது.

20-ம் நூற்றாண்டில் வந்தது வேறு அலை. அதில் வெளிநாட்டு மிஷனரிகள் இருந்தார்கள், உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பரவலாக உள்ள பெந்தெகொஸ்தே மிஷன் 1924-ல் இலங்கையில் தொடங்கியது. தொடங்கிய பாஸ்டர் பால் கேரளத்துக்காரர். அதன் ஊழியர்களுக்கும் சம்பளம் கிடையாது.

அருளப்பனின் நாட்குறிப்புகள் 1939-ல்தான் புத்தகமாயின. தொகுத்தவர் ஜி.எச்.லாங் என்ற ஆங்கிலேயர்.